இடது பக்கம் கரி பிடிக்கும் விளக்கு

பாட்டி வீட்டுப் பரணைக் காலி செய்துகொண்டிருந்தபோது பெரிய மாமா ஒரு பழைய அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது மொத்தமும் துருப்பா, பழைய இரும்போட போட்டுடு" என்றார். அம்மா அதை வாங்கிக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். எண்ணெய் எங்கே இருக்கப்போகிறது, துருப்பொடிதான் உள்ளே சரசரத்தது. ஆனால் அந்தக் குலுக்கலைப் பார்த்ததும் நான் விளக்கை என் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டேன். எண்ணெய் இன்றைக்குத் தாங்குமா, நாளைக்கும் வருமா என்று பாட்டி அப்படிக் குலுக்கித்தான் கண்டுபிடிப்பாராம். ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அம்மாவின் கைக்கு அது மறக்கவில்லை.

அம்மாவுக்குப் பதினாறு வயதாகும்வரை அந்த வீட்டுக்கு மின்சாரம் வரவில்லை. இரண்டு அறை, ஒரு விறகடுப்பு, வெளியே ஒரு கிணறு, ஆறு பேர். ஆறு பேருக்கும் சேர்த்து இந்த ஒரே அரிக்கேன் விளக்கு. பிள்ளைகள் படிக்கும்போது அது தரையில் நடுவில் இருக்கும். பாட்டிக்கு அடுப்படியில் ஏதாவது பார்க்க வேண்டியிருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். மற்றவர்கள் இருட்டில் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு நிற்காது. யாரும் "விளக்கு எங்கே" என்று கேட்டதில்லை என்கிறார் அம்மா. கடைசியாகத் தாத்தா அதை எடுத்துக்கொண்டு மாட்டுத் தொழுவத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். அதோடு நாள் முடிந்தது.

அடுத்த முறை குடும்பம் அந்த வீட்டில் கூடும்போது இதை எரியவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கையில் ஏழு வாரம் இருந்தது.

முதலில் பிரித்தேன். பக்கத்தில் உள்ள கம்பியை அழுத்தினால் கண்ணாடிச் சிம்னி மேலே எழும்பும், சாய்த்து வெளியே எடுக்கலாம் என்பது அமைப்பு. கம்பி துருவில் இறுகிப்போயிருந்தது. நல்ல வேளையாக, சிம்னி விளக்கிலேயே இல்லை. பாட்டி அதைத் தனியாக ஒரு பழைய துணியில் சுற்றி, உள்ளே வைக்கோல் அடைத்து, பெட்டியில் வைத்திருந்தார். ஒரு கீறல்கூட இல்லை. கம்பியில் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்ததும் அசைந்து கொடுத்தது. திரியைப் பிடித்திருக்கும் பர்னரைத் திருகிக் கழற்றினேன். திரியை ஏற்றி இறக்கும் சக்கரம் சுற்றவே இல்லை. உள்ளே ஒன்றரை அங்குலத் துண்டாகக் கருகிய திரி மட்டும் இருந்தது. அதன் நுனி நேராக இல்லாமல் ஒரு பக்கம் தாழ்ந்து சாய்வாக இருந்தது. எரிந்து எரிந்து அப்படி ஆகியிருக்கும் என்று நினைத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். எறியாமல் விட்டது எவ்வளவு நல்லது என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் கைவைக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் படித்தேன். இருபுறமும் வளைந்து இறங்கும் அந்தக் குழாய்களை நான் இத்தனை நாளும் வெறும் சட்டம் என்றே நினைத்திருந்தேன். அவைதான் விளக்கின் மூக்கு. மேலே தொப்பிக்கு அடியில் புதுக்காற்று நுழைந்து, இரண்டு குழாய் வழியாகவும் கீழே இறங்கி, பர்னருக்கு அடியில் வந்து சேர்கிறது. சுடருக்கு வேண்டிய காற்று பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. எரிந்த சூடான காற்று நடுப்புகைபோக்கி வழியே மேலே போய்விடும். காற்று நுழையும் இடமும் புகை வெளியேறும் இடமும் அருகருகே இருப்பதால், பலத்த காற்று அடித்தாலும் இரண்டு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே மாறும், சுடர் ஆடாது. அமெரிக்காவில் ஜான் இர்வின் என்பவர் இந்தக் குழாய் அமைப்புக்கு 1869இல் காப்புரிமை வாங்கினார். அந்த முதல் வகையில் எரிந்த காற்றும் கொஞ்சம் கலந்து திரும்பக் கீழே வரும். புதுக்காற்று மட்டும் இறங்குகிற வகைக்கு 1873இல் வாங்கினார். அது இன்னும் பளிச்சென்று எரியும். எங்களுடையது இந்த இரண்டாவது வகை. புயலுக்கும் அணையாது என்ற பெருமையில் வைத்த ஆங்கிலப் பெயர்தான் நம் வாயில் அரிக்கேன் ஆனது.

மூக்கு என்று சொன்னேன் அல்லவா, ஒரு மூக்கு அடைத்திருந்தது. வலது குழாய்க்குள் ஊதினால் காற்று போகவில்லை. சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியைப் பிரித்து உள்ளே விட்டுத் துழாவினேன். குளவிக் கூடு. வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, கம்பியால் குத்திக் குத்தி, செம்மண் குழம்பாக வெளியே வந்து முடிய ஒரு மணி நேரம் ஆனது. இதைக் கவனிக்காமல் பற்ற வைத்திருந்தால் சுடர் மூச்சுத் திணறிப் புகைந்திருக்கும்.

பித்தளைப் பர்னருக்குச் சலவைச் சோடா போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அரை மணி நேரக் கொதி. பழைய மண்ணெண்ணெய் காய்ந்து அரக்கு மாதிரி ஒட்டியிருந்ததெல்லாம் பழுப்பாகக் கரைந்து வந்தது. திருகைப் பிடித்துச் சுற்றினேன், சக்கரம் கிர்ரென்று சுற்றியது. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் அந்தச் சந்தோஷம் போனது. டேங்க் இரும்புத் தகடு. உள்ளே துரு எடுக்க வெள்ளை வினிகர் ஊற்றி, ஒரு கைப்பிடி பொடிக்கல்லைப் போட்டு, அவ்வப்போது குலுக்கி, ஒரு நாள் ஊறவைப்பதுதான் முறை. நான் வேலைப் பளுவில் மூன்று நாள் மறந்துவிட்டேன். கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே சூட்டுக்காற்றில் காயவைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எண்ணெய் ஊற்றும் துளை வழியே உள்ளே பார்த்தேன். அடித்தகட்டில் மூன்று நட்சத்திரம் மின்னியது. துருவே அடைப்பாக இருந்து காத்த ஓட்டைகள் அவை. அடைப்பை நான் கரைத்துவிட்டேன். ஒரு நாள் ஊறவைத்திருந்தாலும் அந்த இடங்கள் மெலிந்தே இருந்திருக்கும், என்றைக்காவது ஒழுகியிருக்கும் என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அன்றைக்கு அம்மாவிடம் சொல்ல மனசு வரவில்லை.

சரி, ஈயம் வைத்து அடைக்க வேண்டியதுதான். இதைச் செய்ய நினைக்கிறவர்கள் ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்ணெண்ணெய் இருந்த டேங்கைச் சூடாக்குவது ஆபத்து. சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று முறை கொதிக்கவைத்துக் கழுவி, வாசனை துளிகூட இல்லை என்று தெரிந்த பிறகு, எல்லா வாயும் திறந்த நிலையில், வெட்டவெளியில் வைத்துத்தான் தொட்டேன்.

முதல் முயற்சி பலிக்கவில்லை. வீட்டில் ரேடியோ வேலைக்கு வைத்திருந்த 25 வாட் சால்டரிங் அயர்னும் ரெசின் உள்ள ஈயக் கம்பியும்தான் எடுத்தேன். ஈயம் உருகி, முத்து முத்தாகத் திரண்டு, தகட்டில் ஒட்டாமல் உருண்டு போனது. வெள்ளீயமும் காரீயமும் 63க்கு 37 கலந்த ஈயம் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் அயர்ன் நுனி சூடானால் போதாது, ஒட்ட வேண்டிய தகடும் அந்தச் சூட்டுக்கு வர வேண்டும். தகடு பெரிசு, சூட்டை நாலாபுறமும் இழுத்துக்கொள்கிறது. 100 வாட் அயர்ன் வாங்கினேன். ரெசினுக்குப் பதில் துத்தநாகக் குளோரைடு உள்ள ஆசிட் பிளக்ஸ், ஈயம் தகட்டில் ஒட்ட உதவும் பூச்சு. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தகடு கண்ணாடி மாதிரி ஆகும்வரை தேய்த்து, பிளக்ஸ் தடவி, அயர்னைச் சாய்த்து அரை நிமிஷம் வைத்தேன். ஈயம் தண்ணீர் மாதிரி பரவியது. வேலை முடிந்ததும் பிளக்ஸை நன்றாகக் கழுவிவிட வேண்டும், விட்டால் அதுவே தகட்டைத் தின்னும்.

மூன்றாவது ஓட்டைக்கு அரை அங்குலம் தள்ளி, அடித்தகடும் பக்கத்தகடும் சேருகிற இடத்தில், என்னுடையது அல்லாத ஓர் ஈயத் திட்டு இருந்தது. கட்டை விரல் நகம் அளவு. மேடும் பள்ளமுமாக, ஓரத்தில் அரம் இழுத்த கோடுகளோடு. போட்டோ எடுத்துப் பெரிய மாமாவுக்கு அனுப்பினேன். "அப்பா வச்சதுதான். அடுப்புல இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வச்சாரு. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்" என்றார். மின்சாரம் இல்லாத வீட்டில், அடுப்பில் காய்ச்சிய கம்பியால், சூடு ஆறுவதற்குள் ஓடி ஓடி வந்து வைத்த ஈயம் அது. இன்றைக்கும் கசியவில்லை. என் சூடு பட்டு அது உருகிவிடக் கூடாது என்று ஈரத்துணியை நாலாக மடித்து அதன் மேல் போர்த்திவிட்டுத்தான் மூன்றாவது ஓட்டையை அடைத்தேன்.

அந்தத் திட்டுக்கு நேர் மேலே டேங்கின் பக்கவாட்டில் ஒரு நசுங்கல் உண்டு. திரித் திருகு நம் பக்கம் இருக்கும்படி வைத்தால் இடது பக்கம். கன்றுக்குட்டி உதைத்தது என்கிறார் மாமா. மழையில் கிணற்றடிக்கு ஓடும்போது தான் வழுக்கி விழுந்தது என்கிறார் அம்மா. அப்போது எட்டு வயசு. கண்ணாடி உடையாமல் இருக்க வேண்டுமே என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே விழுந்தாராம். முழங்காலில் ரத்தம். தாத்தா ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி, "சிம்னி உடைஞ்சுதா?" அதை அம்மா வருத்தமாகச் சொல்லவில்லை. அது உடைந்திருந்தால் வேறு வாங்கும்வரை ராத்திரிகள் எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஒழுக்கு சோதிக்கத் தண்ணீர் ஊற்றினேன், ஒரு சொட்டும் வரவில்லை. ஆனால் தண்ணீர் தாண்டாத மயிரிழை விரிசலை மண்ணெண்ணெய் தாண்டிவிடும், அதன் பரப்பு இழுவிசை தண்ணீரைவிட மிகக் குறைவு. அதனால் இன்னொரு சோதனை. ஈயம் வைத்த இடங்களிலும் விளிம்பு முழுக்கவும் சாக்பீஸை அழுத்தித் தடவி, கால் டேங்க் மண்ணெண்ணெய் ஊற்றி, வெள்ளைத்தாளின் மேல் ஒரு ராத்திரி வைத்தேன். எங்காவது கசிந்தால் சாக்பீஸ் ஈரம் குடித்துக் கறுத்துப்போகும். காலையில் எல்லாம் வெள்ளையாக இருந்தது. மூடியின் உள்ளே இருந்த தக்கை வளையம் தொட்டதும் பொடியாகிப்போனதால் புதிதாக ஒன்று வெட்டிப் போட்டேன்.

புதுத்திரி 22 மில்லிமீட்டர் அகலப் பட்டைத் திரி. பற்ற வைக்கும் முன் அரை மணி நேரமாவது எண்ணெயில் ஊற வேண்டும். காய்ந்த திரியில் நெருப்பு வைத்தால் பஞ்சுதான் கருகும். நேராக வெட்டி, இரண்டு மூலையிலும் துளி கிள்ளிவிட்டு, மாலையில் முற்றத்தில் வைத்துப் பற்றவைத்தேன். முதல் ஐந்து நிமிஷம் தணித்து வைத்துக் கண்ணாடி சூடாக விட வேண்டும், அவசரப்பட்டுத் திரியை ஏற்றினால் சிம்னி விரிசல் விடும். பிறகு மெல்ல ஏற்றினேன். சுடரின் இடது ஓரம் மட்டும் கொம்பு மாதிரி நீண்டு எழும்பியது. பத்து நிமிஷத்தில் சிம்னியின் இடது பக்கம் கரி.

அணைத்தேன், திரியை மறுபடி வெட்டினேன், கொளுத்தினேன். அதே கொம்பு. மூன்று தடவை. போனில் அம்மாவிடம் சொன்னபோது, "ஆமா, அது இடது பக்கம் கரி பிடிக்கிற விளக்குதானே" என்றார், அது உலகத்துக்கே தெரிந்த விஷயம் மாதிரி. தினமும் பொழுது சாய்வதற்கு முன்னால் சிம்னி துடைப்பது அவர் வேலை. வீட்டில் யார் கை உள்ளே போகிற அளவுக்குச் சிறிசோ அவர்களுக்கே அந்த வேலை. மாமாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மா கை பெரிதானதும் சித்திக்கு. கண்ணாடிக்குள் 'ஹா' என்று ஊதி, சலித்த சாம்பல் தொட்ட துணியால் தேய்த்து, கடைசியில் காய்ந்த துணியால் ஒரு சுற்று. இடது பக்கத்துக்கு மட்டும் இரண்டு தடவை சாம்பல் வேண்டும்.

பிறகு அம்மா சொன்னதுதான் எனக்கு வழிகாட்டியது. "பாட்டி திரியைச் சாய்வா வெட்டுவா. நேரா வெட்டினா திட்டுவா." டப்பாவில் போட்ட அந்தப் பழைய திரித்துண்டு ஞாபகம் வந்தது. எடுத்துப் பர்னரில் வைத்துப் பார்த்தேன். தாழ்ந்த பக்கம் இடது பக்கம். எரிந்து ஆன சாய்வு இல்லை, கத்தரி வைத்து வெட்டிய சாய்வு. பர்னரின் மேல்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். சுடர் வெளிவரும் அந்த நீளப் பிளவின் இடது முனை நசுங்கி உள்பக்கம் மடிந்திருந்தது, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த ஓரத்துக்குக் காற்று குறைவு, அதனால் சுடர் அங்கே நீண்டு புகைகிறது. பாட்டிக்கு இந்தக் காற்றோட்டக் கணக்கெல்லாம் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். சுடரைப் பார்த்துப் பார்த்து, கொம்பு எழும்பும் பக்கத்தைத் தாழ வெட்டியிருக்கிறார். விளக்கைச் சரிசெய்ய முடியாதபோது திரியைச் சரிசெய்திருக்கிறார். இந்த மொத்த வேலையிலும் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் இதுதான். அந்த வீட்டு வாழ்க்கையை இவர்கள் ஒவ்வொருவரும் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள், ஆனால் பாட்டி என்ற மனுஷியின் புத்தி வேலை செய்த இடத்தைக் கண்ணால் பார்த்தது அந்தத் திரித்துண்டில்தான்.

மூடியை மரக்கட்டையில் வைத்துத் தட்டி நிமிர்த்திவிடலாம். கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பழைய மெல்லிய பித்தளை, மடிந்த இடத்தில் நிமிர்த்தினால் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. அதனால் விட்டுவிட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பழைய துண்டைப் புதுத்திரியின் மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, அந்தச் சாய்விலேயே வெட்டினேன். சுடர் அகலமாக, சமமாக, மஞ்சள் விசிறி மாதிரி நின்றது.

நசுங்கிய டேங்க், தாத்தாவின் ஈயம், மடிந்த மூடி, எல்லாமே இடது பக்கம். ஒரே விழுகையில் ஆனதாக இருக்கலாம். அதை அம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "விழறதுக்கு முன்னாடி கரி பிடிக்குமா?" என்று கேட்டேன். யோசித்து யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. "யாருமே என்னை ஒண்ணும் சொல்லலியே" என்று மட்டும் சொன்னார்.

யாராவது இதை எரியவைக்கப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். மண்ணெண்ணெய் தவிர வேறெதுவும் கூடாது. பெட்ரோல் துளி கலந்ததுகூட உயிருக்கு ஆபத்து. எரியும்போதும், அணைத்த சூட்டோடும் எண்ணெய் ஊற்றக் கூடாது. டேங்கை விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் காலி இடம் விடுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், மூடிய அறையில் எரியவிட்டுத் தூங்கவே கூடாது. சூடான கண்ணாடியில் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எல்லோரும் அந்த வீட்டில் கூடினோம். சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம். அம்மா சிம்னிக்குள் கையை விட்டுப் பார்த்தார், விரல் மூட்டோடு நின்றுவிட்டது. என் மகளை அழைத்து எப்படி ஊத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஏற்றி நடுவில் வைத்ததும் எனக்கு முதலில் தோன்றியது, எவ்வளவு மங்கல் என்பதுதான். ஒரு கை நீளத்துக்குள் எழுத்து தெரிகிறது. ஆறடி தள்ளினால் முகம் தெரிகிறது, முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இதில் நான்கு பிள்ளைகள் ஒரே நேரத்தில் படித்தார்கள், பாட்டி கிழிந்த துணி தைத்தார். சித்திக்குப் பன்னிரண்டு வயதிலேயே கண் வலி வந்துவிட்டதாம். மாமாவும் சித்தியும் அதை நினைத்து ஏங்குவதில்லை, மின்சாரம் வந்த நாளை இன்றும் சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

மாமா அந்தக் கன்றுக்குட்டிக் கதையை மறுபடி ஆரம்பித்தார். பாதியில் அம்மா எழுந்தார், எதுவும் சொல்லாமல் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கும்மிருட்டு. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ போன் டார்ச்சைப் போட்டார்கள். "அணைப்பா, கண்ணு கூசுது" என்றார் மாமா, கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, தாத்தா துரத்தினார். சித்தி இருட்டிலிருந்தே "அது கறுப்புக் கன்னு இல்ல, செவலை" என்றார்.

அடுப்படி வாசலில் வெளிச்சம் அசைந்தது. கண்ணில் படாமல் இருக்க விளக்கை முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டபடி அம்மா திரும்பி வந்துகொண்டிருந்தார். சுவரில் அவருடைய கால்கள் கூரைவரைக்கும் நடந்து வந்தன.